அக்கா அனுப்பிய ஜாடி

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுங்கள். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார், நினைவோடு இருக்கிறார். நேற்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இப்போது அடுத்த அறையில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, தூங்குவது போல நடிக்கிறார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதுகூடத் தெரியாதா?

நீங்கள் திரும்பத் திரும்பப் போன் செய்தும் நான் எடுக்கவில்லை. கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. போனில் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுதினால் முழுசாகச் சொல்லி முடிக்கலாம். வழக்கமாக வரும் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உங்கள் ஜாடியும் வரும். கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். சலவைக்கூடத்தில், கொதிகலன் அறையில் இரவு வேலை போட்டு உங்கள் தம்பியின் தூக்கம் கெட்டுப்போன சமயம், நீங்கள் இங்கே வந்தீர்கள். என்றைக்கு நீங்கள் வெறுங்கையோடு வந்தீர்கள்? எனக்குப் புடவை, எங்கள் மகள் வாயாடிக்கு வளையல், தம்பிக்கு அந்த லேகிய ஜாடி. "எங்க அம்மா பக்குவம், சுண்டைக்காய் அளவு உருட்டிக் குடு, குழந்தை மாதிரித் தூங்குவான்" என்றீர்கள். நீங்கள் சொன்னபடியே தூங்கினார். இடுப்பு வலியும் குறைந்தது. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன் அண்ணி, அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். சுண்டைக்காய் எப்போது நெல்லிக்காய் ஆனது, ராத்திரி மட்டும் என்றிருந்தது எப்போது காலையிலும் ஆனது என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜாடி சீக்கிரம் காலியாகும், கழுவி அனுப்புவேன், நிரம்பி வரும்.

பிறகுதான் வாந்தி ஆரம்பித்தது. முதலில் காலையில் குமட்டல். நானும் வாயாடியும், "என்னப்பா, மசக்கையா?" என்று கேலி செய்தோம். அவரும் சிரித்தார். பிறகு மாதத்தில் ஒரு தடவை ஆளையே உலுக்கி எடுக்க ஆரம்பித்தது. ஒன்றுமில்லாத வயிற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர் வரும் வரை வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடப்பார். தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். அப்புறம் தானாகவே அடங்கிவிடும், எழுந்து வேலைக்குப் போய்விடுவார், நாங்களும் மறந்துவிடுவோம்.

அந்தச் சமயத்தில் அவருக்கு இதம் தந்த ஒரே விஷயம் வெந்நீர். குளியலறைக்குள் போனால் வெளியே வரமாட்டார். குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் உடம்பில் விழுகிற வரை வாந்தி இல்லை, நின்றால் மறுபடியும் வரும். மாடி வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, "உங்க வீட்டுல யானைய எதுவும் குளிப்பாட்டுறீங்களா, எங்களுக்கு ஒரு சொட்டு வெந்நீர் வரல" என்று கேட்டார். சூடு போதவில்லை என்று சலவைக்கூடத்திலேயே போய் நிற்பாராம். அங்கே ஓட்டல் படுக்கை விரிப்புகளை அலசுகிற தண்ணீர். முதுகெல்லாம் சிவந்து, வலை விரித்த மாதிரித் திட்டுத் திட்டாக நிறம் மாறி, சில இடத்தில் தோல் உரிந்துபோனது. எண்ணெய் தடவிக்கொண்டே திட்டினேன். "நீ திட்டு, ஆனா குழாய மூடாத" என்றார்.

எத்தனை டாக்டரைப் பார்த்தோம் என்று உங்களுக்கே தெரியும். புண் என்றார் ஒருவர். தொண்டை வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, புண் இல்லை என்றார் இன்னொருவர். கடைசியில் பித்தப்பையில்தான் கோளாறு என்று அதை அறுத்து எடுத்துவிட்டார்கள். ஒரு தப்பும் செய்யாத உறுப்பு அண்ணி அது. தையல் காய்வதற்குள் மறுபடியும் வாந்தி. போன எல்லா இடத்திலும், "குடிப்பாரா? சிகரெட்? கஞ்சா பழக்கம் உண்டா?" என்று கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் வீட்டுக்காரர் டீயைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை என்று தலை நிமிர்ந்து சொல்வேன்.

பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். கஞ்சா என்றால் தெருமுனையில் கண் சிவந்து நிற்கிறவர்கள் புகைப்பது. லேகியம் என்றால் அக்கா நெய்யிலும் வெல்லத்திலும் கிளறி அனுப்புவது. இரண்டிலும் இருப்பது ஒரே இலை என்று எனக்குத் தெரியாமலா போயிற்று? உங்கள் கொல்லையில் அந்தச் செடியை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தெரிந்த அந்த இரண்டு விஷயமும் என் மண்டைக்குள் ஒரு நாளும் பக்கத்தில் வந்து நின்றதில்லை. நம் குடும்பத்தில் யாருக்கும் நின்றதில்லை.

இன்னும் கேளுங்கள். வாந்தி அதிகமானதும் உங்களிடம்தான் யோசனை கேட்டேன். "வயித்தப் பிரட்டுனா அதுக்கும் அதுதான் மருந்து, ஒரு உருண்டை சேத்துக் குடு" என்றீர்கள். நான் மருத்துவமனைக்கே கொண்டு போனேன். டிபன் கேரியரில் மேல் தட்டில் கஞ்சி, கீழ்த் தட்டில் இலையில் மடித்த உருண்டை. கையில் குளுக்கோஸ் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், கஞ்சியில் கரைத்து நானே ஊட்டினேன். கொஞ்ச நேரம் குமட்டல் நிற்கும். பார்த்தாயா, இவர்கள் ஊசிக்குக் கேட்காதது அக்கா கைப்பக்குவத்துக்குக் கேட்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்வோம். ஒரு ஷிஃப்ட் முடிவதற்குள் மறுபடியும் ஆரம்பிக்கும்.

இந்தத் தடவைதான் அந்த டாக்டரம்மா வந்தார். எங்கள் வாயாடியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, முதுகைப் பார்த்தார். "வெந்நீர்ல ரொம்ப நேரம் குளிப்பீங்களா?" என்று கேட்டார். உங்கள் தம்பிக்கு ஆச்சரியம், அப்படியே தலையாட்டினார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார். நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன், கொஞ்சம் சூடாகவே. அவர் கோபப்படவில்லை. "புகைக்கிறத கேக்கலம்மா. சாப்பிடுறாரா? உருண்டை, லேகியம், பால்ல கலக்குற பொடி, இப்படி ஏதாவது?" என்றார். டிபன் கேரியர் என் மடியில் இருந்தது அண்ணி.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். இந்த இலை கொஞ்சமாக, எப்போதாவது என்றால் குமட்டலை அடக்குமாம். வருஷக்கணக்கில் தினமும் உள்ளே போனால் சிலருக்கு உடம்பு தலைகீழாகத் திரும்பிக்கொள்ளுமாம். எது வாந்தியை நிறுத்தியதோ அதுவே வாந்தியைக் கிளப்பும். எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும் என்றும் சொல்ல முடியாதாம். வெந்நீர் தேடுவதுதான் அதன் அடையாளமாம். புகையென்றால் உடனே தெரியும், சாப்பிட்டால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், அதனால் எதனால் எது வந்தது என்று யாருக்கும் பிடிபடாது என்றார். மருந்து ஒன்றே ஒன்றுதான், அடியோடு விடுவது. இத்தனை தடவை தண்ணீர் வற்றி வற்றிச் சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது, இன்னொரு முறை இப்படி வந்தால் அது தாங்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அதனால்தான் இந்தக் கடிதம். இனிமேல் அனுப்பாதீர்கள். சுண்டைக்காய் அளவு வேண்டாம், மிளகளவும் வேண்டாம். உங்கள் மேல் பழி போட எழுதவில்லை. கிளறியது உங்கள் கை என்றால் ஊட்டியது என் கை. ஜாடியில் உங்கள் அடுப்படிக்கு வேறு எதையாவது போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. இரண்டு இடத்தில் எழுத்து கலைந்திருந்தது, அழுதுகொண்டே எழுதியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். இனி அனுப்பமாட்டேன் என்று உங்கள் அம்மா மேல் ஆணையிட்டு எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதும். கடிதத்தை அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நானும் முழங்காலுக்குச் சாப்பிடுகிறேனே, அம்மாவும் சாகிற வரை சாப்பிட்டார்களே, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். அதையே டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஒரே வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் வேர்க்கடலை ஒத்துக்காம போறதில்லையா" என்றார். அது முழுசாகப் பொருந்தாதாம், ஆனாலும் எனக்குப் புரிவதற்காகச் சொன்னாராம். உங்களையும் ஒரு முறை டாக்டரிடம் காட்டச் சொன்னார். நீங்கள் காட்டமாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதி வைக்கிறேன்.

இங்கே நல்ல செய்தி. வாந்தி நின்றுவிட்டது. போன வாரம் தானாகக் கேட்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார், நான் அடுப்படிக்குள் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன். முதுகில் புதுத் தோல் வருகிறது. பச்சைத் தண்ணீரில் காக்காய்க் குளியல் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார். மாடி வீட்டு அம்மாள், "யானைய வித்துட்டீங்களா?" என்று கேட்டார்.

வேலைக்கும் போகிறார். கொதிகலன் வேண்டாம் என்று மேற்பார்வையாளர் அவரை விரிப்பு மடிக்கிற பகுதிக்கு மாற்றியிருக்கிறார். அங்கே முழுக்கப் பெண்கள். முனைக்கு முனை சேர்க்கத் தெரியவில்லை என்று அவர்கள் சிரிக்கிறார்களாம், அதற்கு ஒரு கோபம். கோபம் இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் வருகிறது. உப்புக்குக் கோபம், செருப்புக்குக் கோபம். "அப்பா வாயத் தொறந்தா பழைய மிக்ஸி ஓடுற மாதிரியே இருக்கு" என்று வாயாடி சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். தூக்கம்தான் இல்லை. வேர்த்துக் கொட்டுகிறது, வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். விட்ட புதிதில் இப்படித்தான் இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில் அவர் உங்களோடு போனில் பேசுவது எனக்குத் தெரியும். பேசட்டும். அம்மா போனபிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவர் நீங்கள். என்னிடம் சொல்லாத கஷ்டத்தை உங்களிடம்தான் சொல்வார். தூக்கம் வரவில்லை என்று கேட்பார், கெஞ்சுவார், ஒரு வேளை அழவும் செய்வார். நீங்கள் ஒரு வார்த்தை, "கூடாது" என்று சொன்னால் போதும். என் பேச்சை மீறுவார். உங்கள் பேச்சை மீறமாட்டார்.

வாயாடி உங்களுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


அன்புள்ள அண்ணிக்கு,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனாலும் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

அன்றைக்குப் போனைப் பாதியில் வைத்ததற்கு என்னை மன்னியுங்கள். சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் வைத்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கும் புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி தைத்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஊசியில் நூல் கோர்த்து முடித்தேன், தண்ணீர் நிற்கவில்லை. ஒரு பக்கத் தையல் போட்டு முடித்தேன், அப்போதும் நிற்கவில்லை. படித்துக்கொண்டிருந்த வாயாடி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வெளியே வந்தவரிடம் கேட்டேன். "உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு, அதுக்குக் கூடவா கணக்கு கேப்ப?" என்றார். முதுகைத் திருப்பச் சொன்னேன். திருப்பாமல் சட்டையைப் போட்டுக்கொண்டார். நன்றாகத் தூங்குகிறார், கோபம் குறைந்திருக்கிறது என்று அந்த வாரம் முழுக்க நான் சந்தோஷப்பட்டிருந்தேன். எதனால் என்று யோசிக்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு வீட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. சீக்கிரமே வேலைக்குப் போனார், தாமதமாக வந்தார். வேலை அதிகம் என்றார். சாப்பாட்டை மட்டும், சலவைக்கூடத்திலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று தள்ளினார்.

ஒரு நாள் அங்கேயே அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாராம். விரிப்பு மடிக்கும் பெண்கள்தான் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். நெடுநேரம் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே இருந்திருக்கிறார். தோளிலிருந்து இடுப்பு வரை வெந்துபோயிருக்கிறது. அதுகூடப் பெரிதில்லை என்றார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீர் இறங்கவே இல்லை. ஆட்டோவில் கொண்டு வந்த பெண்ணின் புடவையெல்லாம் வாந்தி. அவள் முகம் சுளிக்காமல் என்னிடம் அவர் சட்டையைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதே டாக்டரம்மா, அதே நாற்காலி. "மறுபடியும் சாப்பிட்டாராம்மா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா அண்ணி? இல்லவே இல்லை என்றேன். ஜாடியைத் திருப்பி அனுப்பிவிட்டோம், அவர் அக்கா ஆணையிட்டு எழுதித் தந்திருக்கிறார், கடிதம் என் அலமாரியில் இருக்கிறது என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். சரியென்று சொல்லிவிட்டு வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடப் போனார். இரண்டாம் தடவையும் நானே அவரைத் தப்பான வழியில் அனுப்பினேன், இந்த முறை உங்கள் வார்த்தையை நம்பி.

சனிக்கிழமை, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது வாசலில் வேன்காரர் நின்றுகொண்டிருந்தார். "ஜாடி காலியாயிருந்தா குடுங்கம்மா, அக்கா மறக்காம வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார். எந்த ஜாடி என்று கேட்டேன். "சலவைக்கூட வாசல்ல சார் கையில குடுத்தேனே. வீட்டுக்குக் கொண்டு போக வேணாம், நேரா அங்க குடுத்துடுன்னு அக்கா சொன்னாங்க" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

மருத்துவமனைக்குத் திரும்பிப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திட்டவில்லை. அதன்பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். ஜாடியைப் பற்றிக் கேட்டேன். "பாதி இலைதாம்மா போட்டேன். அவன் அழுதாம்மா, தூங்க முடியலக்கான்னு அழுதான்" என்றீர்கள். அப்போதுதான் நான் போனை வைத்துவிட்டேன்.

நீங்கள் கெட்டது நினைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் இவ்வளவு எரிகிறது. கெட்டவர் யாராவது செய்திருந்தால் அவரை வாசலோடு விரட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஜாடியைச் சலவைக்கூடத்தில் அவருடைய பெட்டியில், துவைத்த துணிக்கு அடியில் கண்டெடுத்தார்கள். மூடியில் உங்கள் பழைய புடவைத் துண்டைச் சுற்றி இறுக்கமாகக் கட்டியிருந்தீர்கள். சிந்தக் கூடாதென்று அத்தனை கவனம். அடியில் ஒரு விரல் உயரம் மீதி இருந்தது. டாக்டரம்மா அதைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டார். அதனால் இந்த முறை உங்கள் ஜாடி திரும்ப வராது.

இப்போது அவருடைய ரத்தத்தை ஓர் இயந்திரம் சுத்தம் செய்கிறது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். முதுகு புண் என்பதால் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். சிறுநீரகம் திரும்ப வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வாயாடி கல்லூரிக்குப் போகவில்லை. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் இருக்கிறாள். அவள் பேசாமல் இருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும். நேற்று கண்ணைத் திறந்து, "அக்காவ ஒண்ணும் சொல்லாத" என்றார். அதுதான் முதல் வார்த்தை. "நான்தான் கேட்டேன்" என்றார். பிறகு வெந்நீர் கேட்டார். இங்கே அது கூடாது என்றேன். பிறகு உங்களைக் கேட்டார். இன்று காலையிலும் கேட்டார். கதவு திறக்கிற சத்தம் வந்தாலே அந்தப் பக்கம் பார்க்கிறார்.

அதனால் வாருங்கள் அண்ணி. நான் என்ன சொல்வேனோ என்று பயந்து அங்கேயே இருந்துவிடாதீர்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வேன்காரரிடம் சொல்லிவிட்டேன், திரும்பி வரும்போது உங்களை முன் இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டி வருவார். முழங்காலை நீட்டிக்கொள்ள இடம் இருக்கும். வீட்டில் உங்கள் பாய் வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

என்ன கொண்டு வரட்டும் என்று கேட்பீர்கள். உங்களைத் தெரியாதா? வாசல் தாண்டும் முன்பே பையை நிரப்ப ஆரம்பித்துவிடுவீர்கள். எதுவும் வேண்டாம். பலகாரம் வேண்டாம். பழம்கூட அவருக்கு இப்போது ஆகாதாம், ஒரு வாய் தண்ணீரைக்கூட அளந்துதான் தருகிறார்கள். ஊசி குத்திக் குத்தி ஒரு கை வீங்கிவிட்டது. இன்னொரு கை சும்மாதான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

இந்த ஒரு தடவை, உங்கள் தம்பியைப் பார்க்க வெறுங்கையோடு வாருங்கள்.

காத்திருக்கும்,
உங்கள் தம்பி மனைவி